மொரிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேற்றர்: எந்தக் குறைக்கு எங்கே கை வைப்பது

மைனர் வைத்திருக்கும் ஆளைக் கண்டு "கார் எப்பிடி ஓடுது?" என்று கேட்டால், "எல்லாம் சரி, காபரேற்றர்தான் கொஞ்சம்..." என்று இழுப்பார். பொனற்றைத் தூக்கிப் பார்த்தால் காபரேற்றருக்கு (பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற உறுப்பு) அடியில் இருக்கும், பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற ஜெற் நட்டின் ஆறு முகமும் தேய்ந்து வட்டமாகியிருக்கும். விற்றவர், வாங்கினவர், வழியில் உதவிக்கு வந்தவர் எல்லாரும் அந்த நட்டில்தான் கை வைத்திருப்பார்கள். குறை பெரும்பாலும் வேறெங்கோ இருந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு மைனர் நிற்கிறது. பழைய ஶ்ரீ எழுத்து நம்பர் தகடு, 1098 சி.சி. என்ஜின். அப்பா ஓடினது, இப்போது நான் ஓடுகிறேன். அந்த நட்டை நானும் மழுங்கடித்திருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

கீழே சொல்வதெல்லாம் 948 சி.சி. (1956 முதல்), 1098 சி.சி. (1962 முதல்) மைனர் 1000 கார்களில் பெரும்பாலும் இருக்கும் எச்.எஸ்.2 வகைக் காபரேற்றரை வைத்து. அதற்கு முந்திய எச் வகையில் ஜெற்றின் அடிப்பக்கம் கொஞ்சம் வேறு, பார்க்கிற முறை ஒன்றுதான். ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் வைத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். உங்களுடையது செனித், அதன் குணமே வேறு.

உள்ளே என்ன நடக்கிறது

எஸ்.யூ.வின் மேலே கோயில் மணி மாதிரி ஒரு கூடு தெரியும். அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில், கீழே போகப் போக மெலிகிற ஊசி ஒன்று. அந்த ஊசி ஒரு பித்தளை ஜெற்றுக்குள் இறங்கி நிற்கும். அக்சிலேற்றரை மிதித்தால் என்ஜின் கூடுதலாகக் காற்றை இழுக்கும், அந்த இழுவை மணிக்குள்ளும் போய்ப் பிஸ்டனை மேலே தூக்கும். பிஸ்டனோடு ஊசியும் எழும்பும். ஊசி மெலிய மெலிய ஜெற்றில் இடைவெளி கூடும். பெற்றோல் கூடப் போகும். அவ்வளவுதான் வேலை. ஸ்லோவுக்கு (அக்சிலேற்றரை மிதிக்காத மெல்லோட்டத்துக்கு) ஒரு ஜெற், ஓட்டத்துக்கு ஒரு ஜெற் என்று தனித்தனியாக எதுவும் இல்லை.

இதை யோசித்தவர் ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னர். இங்கிலாந்தில் சப்பாத்து வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. அதனாலோ என்னவோ, முதல் வடிவங்களில் பிஸ்டனுக்குப் பதில் தோலால் செய்த துருத்திதான் இருந்தது. எஸ்.யூ. என்ற பெயரே ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம்.

இந்த அமைப்பிலிருந்து ஒரு விஷயம் நேரே வருகிறது. மற்றக் காபரேற்றர்களில் இருக்கும் அக்சிலேற்றர் பம்ப் இதில் கிடையாது. ஆகவே விடியற்காலையில் ஸ்ராட் பண்ண முன் பெடலை நாலு தரம் குத்தினால் ஒரு சொட்டுப் பெற்றோலும் கூடப் போகாது. உங்கள் கால்தான் நோகும்.

காபரேற்றரைத் தொட முன்

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கார் சூடேறினதும் மிஸ் அடிக்கத் தொடங்கியது. மூன்று நாள் காபரேற்றரைக் கழற்றுவதும் கழுவுவதும் பூட்டுவதுமாகப் போனது. நாலாம் நாள் பின்னேரம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தேன். பொயின்ற் கருகிக் கிடந்தது. கொண்டென்சரை மாற்றினேன், முடிந்தது கதை. மூன்று நாளாகச் சரியான காபரேற்றரைப் பிழையாக்கியதுதான் மிச்சம். அதைத் திரும்ப ரியூன் பண்ண இன்னொரு நாள்.

எனவே முதலில் நெருப்புப் பக்கம். பிளக் இடைவெளி 25 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பொயின்ற் இடைவெளி 15 தவ். பீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண் அளவு வேண்டாம். ரப்பெற் (வல்வ்) இடைவெளி என்ஜின் குளிர்ந்திருக்க 12 தவ். இவை சரியில்லாமல் காபரேற்றரில் செய்யும் எந்தத் திருத்தமும் நிற்காது.

நாலு பிளக்கையும் கழற்றிச் சிலிண்டர் வரிசையில் ஒரு பேப்பரில் வையுங்கள். நாலும் புகைக்கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெற்றோல் கூட. நாலும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு, அல்லது எங்கோ கள்ளக் காற்று. ஒன்று மட்டும் கறுப்பு, மற்ற மூன்றும் நல்ல நிறம் என்றால் காபரேற்றரைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்தக் காரில் நாலு சிலிண்டருக்கும் ஒரே காபரேற்றர், அது ஒன்றுக்கு மட்டும் வஞ்சகம் செய்யாது. அந்தப் பிளக், அதன் வயர், அந்தச் சிலிண்டரின் வல்வ் என்று தேடுங்கள்.

"காலமை எவ்வளவு அடிச்சாலும் ஸ்ராட் வராது"

சுவிச்சைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்து காது கொடுங்கள். மைனரில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, அதுவும் எஸ்.யூ.தான். பொனற்றுக்குள் பின்சுவரில் பூட்டியிருக்கும். நல்ல பம்ப் சுவிச் போட்டதும் டக் டக் டக் என்று சில தரம் கெதியாக அடிக்கும், காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் வேகம் குறைந்து நின்றுவிடும். இந்தச் சத்தத்தைப் படிக்கப் பழகினால் பாதிக் குறையைப் பொனற்றைத் திறக்காமலே பிடிக்கலாம்.

சத்தமே இல்லை என்றால்: பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பின் பொயின்ற் கரி பிடித்திருக்கிறது. ஸ்பனரின் பிடியால் பம்பின் உடம்பில் மெல்லத் தட்டுங்கள். தட்டினதும் அடிக்கத் தொடங்கினால் பொயின்ற்தான். மூடியைக் கழற்றி, இரண்டு முனைக்கும் இடையில் கெட்டியான வெள்ளைப் பேப்பர் ஒன்றை விட்டு இழுத்தால் அன்றைய நாள் போகும். பிறகு ஆறுதலாகப் பொயின்ற் மாற்றுங்கள். தட்டித் தட்டியே வருடக்கணக்காக ஓடும் ஆக்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

நிற்காமல் மிக வேகமாக அடித்தால்: பம்ப் பெற்றோலை இழுக்கவில்லை, காற்றை இழுக்கிறது. முதலில் ராங்கியில் பெற்றோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பழைய காரில் கேஜ் சொல்வதை யார் நம்புவது? இருந்தால், ராங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஏதோ ஒரு யூனியன் நட் தளர்ந்திருக்கும், அல்லது குழாய் வெடித்திருக்கும்.

பம்ப் ஒழுங்காக அடித்து நின்றது, ஆனாலும் ஸ்ராட் வரவில்லை என்றால் சோக்கைப் பாருங்கள். எஸ்.யூ.வில் சோக் என்பது காற்றை மூடுகிற தகடு அல்ல. சோக் நொப்பை இழுக்கும்போது வயர் ஒரு லீவரை இழுத்து ஜெற்றைக் கீழே இறக்கும். ஊசியின் மெல்லிய பகுதி ஜெற்றின் வாயில் வர, பெற்றோல் கூடப் போகும். ஒருவரை உள்ளே இருத்தி சோக்கை இழுக்கச் சொல்லிவிட்டு, ஜெற்றின் தலை உண்மையிலேயே கீழே வருகிறதா என்று நீங்கள் குனிந்து பாருங்கள். வயர் கிளம்பு தளர்ந்து, வயர் மட்டும் வந்து ஜெற் அசையாமல் நிற்பது சாதாரணமாக நடப்பது.

எங்கள் வெக்கைக்கு சோக் அதிகம் தேவைப்படாது. மார்கழி விடியலில்கூடப் பிடித்ததும் அரைவாசி உள்ளே தள்ளி, அடுத்த சந்தி வர முழுதாகத் தள்ளிவிடலாம். நுவரெலியாவில் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

"கறுப்புப் புகை, பெற்றோல் மணம், லீற்றர் கணக்காகக் குடிக்குது"

இங்கே முதலில் ஒரு விரல் வேலை. சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, காபரேற்றருக்கு அடியில் கையை விட்டு ஜெற்றின் தலையை மேலே தள்ளிப் பாருங்கள். அது இன்னும் மேலே போனால் குறை கிடைத்துவிட்டது: சோக் தள்ளியும் ஜெற் திரும்பி வரவில்லை. எங்கள் செம்மண் புழுதியும் பழைய ஒயிலும் சேர்ந்து ஜெற்றைச் சுற்றிப் பசை மாதிரிப் பிடித்துவிடும். சோக்கை இழுத்து ஜெற்றைக் கீழே இறக்கி, வெளியே தெரிகிற பித்தளையைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய ஒயில் விட்டு, மேலும் கீழும் பத்துத் தரம் ஆட்டினால் சரிவரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஜெற் ஒழுங்காகத் திரும்பி வருகிறது, ஆனாலும் கறுப்புப் புகை என்றால், மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் உயர்ந்திருக்கலாம்; எயர் கிளீனர் அடைத்திருக்கலாம்; ஊசியும் ஜெற்றும் தேய்ந்திருக்கலாம். ஜெற்றின் வாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவாகத் தெரிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஊசியின் தண்டில் எழுத்து வெட்டியிருக்கும். அது உங்கள் என்ஜினுக்குரிய எழுத்துத்தானா என்று கைந்நூலோடு ஒப்பிடுங்கள். கைமாறிக் கைமாறி வந்த காரில் ஏதோ ஒரு காரின் ஊசி இருப்பது அதிசயமில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எங்கள் ஊருக்கே உரியது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் சின்னப் போத்தலில் மருந்து மாதிரி வைத்திருந்த சாமான். எயர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காபரேற்றரின் வாயில் கொஞ்சம் பெற்றோலை விடுவது. ஹாண்டில் போட்டு ஒரு சுற்று. பெற்றோலில் பிடித்து என்ஜின் சூடேற மண்ணெண்ணெய் தொடரும். அப்பா இதற்காகவே ஜெற் நட்டை நன்றாகக் கீழே இறக்கிவைத்திருந்தார். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, அதனால் கூடுதலாக ஊட்ட வேண்டும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரால் வழிந்து என்ஜின் ஒயிலோடு கலக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும், மணந்தால் குப்பிவிளக்கு.

யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை திறந்து பெற்றோல் வந்த பிறகும் அந்த நட் இறக்கின இடத்திலேயே நின்றது. "புதுப் பெற்றோல் சரியில்லை, புகைக்குது" என்று அப்பா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஓடின கார் ஒன்றை இப்போது வாங்கியிருந்தால் நட்டின் நிலையை மட்டுமல்ல, ஊசியையும் பாருங்கள். அரத்தால் ராவின ஊசி ஒன்றை நானே ஒரு காரில் இருந்து கழற்றியிருக்கிறேன்.

"காபரேற்றரால பெற்றோல் ஒழுகுது"

உடனே சுவிச்சை நிற்பாட்டுங்கள், பற்றறி வயரைக் கழற்றுங்கள். மைனரில் எக்சோஸ்ற் மனிபோல்ட், அதாவது என்ஜினின் சூடான புகை வெளியேறும் குழாய், காபரேற்றருக்கு நேரே கீழே இருக்கிறது. ஒழுகுகிற பெற்றோல் விழுகிற இடம் அது. மற்றக் குறைகளோடு மெல்ல வீடு வந்து சேரலாம், இதோடு வரக்கூடாது.

கிண்ணத்து மூடியின் வழிகுழாயால் வந்தால் மூடியில் இருக்கும் ஊசி வல்வ் பெற்றோலை நிறுத்தவில்லை என்று அர்த்தம். என்ஜின் ஓடாமல் சுவிச் மட்டும் போட்டிருக்கும்போது பம்ப் நிற்காமல் ஆறுதலாக டக்... டக்... என்று அடித்துக்கொண்டிருப்பதும் இதே குறைக்கு முன்னறிவிப்பு. முக்கால்வாசி நேரம் ராங்கியின் துருத்தூள் ஒன்று வல்வில் சிக்கியிருக்கும். மூடியைக் கழற்றி, வல்வையும் கிண்ணத்தின் அடியையும் கழுவிப் பூட்டுங்கள். மிதவையைக் காதுக்குக் கிட்டப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே களக் களக் என்றால் ஓட்டை, ஒட்டப் பார்க்காமல் புதிதாகப் போடுங்கள்.

பூட்ட முன் மட்டம் பார்ப்பது சுகம். மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். வல்வ் மூடியிருக்கும் நிலையில், எட்டிலொரு அங்குல டிரில் பிற்றின் தண்டு மிதவை லீவருக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையில் உரசிக்கொண்டு போக வேண்டும். இடைவெளி போதாவிட்டால் கிண்ணத்தில் மட்டம் உயரும்.

ஜெற்றின் அடியில் ஒழுகினால் அது வேறு: கிண்ணத்திலிருந்து ஜெற்றுக்கு வரும் நைலோன் குழாயின் ரப்பர் வளையம் காய்ந்திருக்கும். சின்னச் சாமான், விலையும் சின்னது. இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: 20 விழுக்காடு எத்தனோல் கலந்த பெற்றோலில் பழைய ரப்பர்கள் கெதியாகக் கெடும். எத்தனோலுக்குத் தாங்கும் குழாயும் வளையமும் கேட்டு வாங்குங்கள்.

"ஸ்லோ நிக்குதில்லை, ஏறி இறங்குது"

சந்தியில் பிறேக் பிடித்தால் நின்றுபோகும், அல்லது தானாக றேஸ் ஆகி இறங்கும். ஆக்கள் உடனே ஸ்லோ திருகாணியை இறுக்குவார்கள். என்ஜின் நிற்காமல் இருக்கும், ஆனால் குறை ஒளிந்துகொள்ளும்.

இந்த வயதுக் கார்களில் நான் முதலில் சந்தேகிப்பது திரொட்டில் தண்டை. அக்சிலேற்றரோடு திரும்புகிற, காபரேற்றரின் உடம்பைக் குறுக்காகத் துளைத்துப் போகும் தண்டு அது. அறுபது வருடமாகச் சுழன்று சுழன்று தன் துளையை அகலப்படுத்தியிருக்கும். தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் அந்த வழியால் காற்று போகிறது. என்ஜின் ஸ்லோவில் ஓடும்போது தண்டின் இரண்டு முனையிலும் ஒயில் கானால் ஒரு சொட்டு விடுங்கள். அந்த ஒயில் இடைவெளியை அடைக்கும் சில நொடிக்கு என்ஜினின் சத்தம் மாறினால் சந்தேகம் தீர்ந்தது. பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் பழைய முறையைச் சூடான எக்சோஸ்ற்றுக்கு மேலே செய்யாதீர்கள்.

மருந்து: துளையைப் பெருப்பித்து புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) அடித்துப் புதுத் தண்டு போடுவது. லேத்தில் நேர் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டு புஷ்ஷும் ஒரே கோட்டில் வராவிட்டால் தண்டு இறுகி, அக்சிலேற்றர் திரும்பாது. எங்கள் காபரேற்றருக்கு ஒரு முறை அப்படி நடந்து, ஸ்ரான்லி வீதியில் கால் எடுத்த பிறகும் கார் ஓடிக்கொண்டிருந்தது. சுவிச்சை நிற்பாட்டித்தான் நின்றேன்.

தண்டு இறுக்கமாக இருந்தால் அடுத்தது காஸ்கற்றுகள்: காபரேற்றருக்கும் இன்லெற் மனிபோல்டுக்கும் (கலவையை என்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்) இடையில், அந்த மனிபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில். அதே ஒயில் சொட்டுச் சோதனை அங்கேயும் செல்லும்.

"மிதிச்ச உடன ஒரு பதுங்கல், பிறகுதான் பாயுது"

இதற்கு ஸ்பனரே தேவையில்லை. மணிக் கூட்டின் உச்சியில் ஒரு மூடி இருக்கிறது, கையால் திருகிக் கழற்றலாம். அதோடு ஒரு மெல்லிய தண்டும் அதன் நுனியில் சின்னப் பித்தளை வல்வும் வரும். அதுதான் டாம்பர். நுனியில் ஒயில் படாமல் காய்ந்து வந்தால் குறை இதுதான்.

அக்சிலேற்றர் பம்ப் இல்லை என்று முதலில் சொன்னேன். அந்த வேலையைச் செய்வது இந்த ஒயில். திடீரென்று மிதித்தால் பிஸ்டன் சட்டென்று மேலே பாயப் பார்க்கும். ஒயில் அதை ஒரு கணம் பிடித்து வைக்கும். அந்தக் கணத்தில் ஜெற்றுக்கு மேலால் காற்று வேகமாக ஓடிப் பெற்றோலைக் கூடுதலாக உறிஞ்சும். ஒயில் இல்லாவிட்டால் பிஸ்டன் தடையில்லாமல் எழும்பும். காற்று கூடி, பெற்றோல் பிந்தி, ஒரு பதுங்கல். சில வேளை காபரேற்றராலேயே ஒரு தும்மலும் வரும்.

எஸ்.யூ. சொல்வது எஸ்.ஏ.ஈ. 20 ஒயில். அது கிடைக்காவிட்டால் என்ஜினுக்கு விடும் 20-50 எங்கள் வெக்கையில் போதும் என்பது என் அனுபவம். கியர் ஒயில் விட்டால் பிஸ்டன் சோம்பேறியாகி, மிதிக்கும்போதெல்லாம் கறுப்பாகத் துப்பும். பிறேக் ஒயில் விட்ட காரும் கண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு "அதுவும் ஒயில்தானே" என்றார். அளவு: மூடியில் காற்றுத் துளை இருந்தால், பிஸ்டனின் குழாய்த் தண்டின் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும், துளை இல்லாத மூடி என்றால் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே. கூடினால் அது காபரேற்றருக்குள் உறிஞ்சப்பட்டுக் குறையும், வேறு பாதகம் இல்லை. மாதம் ஒரு தரம் பார்த்தால் காணும்.

ஒயில் சரியாக இருந்தும் பதுங்கினால் பிஸ்டன் எங்கோ உரசுகிறது. எயர் கிளீனரைக் கழற்றி, டாம்பரையும் எடுத்துவிட்டு, வாய்க்குள் விரலை விட்டுப் பிஸ்டனை முழுதாகத் தூக்கி விடுங்கள். "டக்" என்று உலோகத்தில் உலோகம் படும் தெளிந்த சத்தத்தோடு விழ வேண்டும். சோக்கை இழுத்துவிட்டு, அதாவது ஜெற்றை இறக்கி வைத்து, திரும்பவும் பாருங்கள். இரண்டு தரமும் மந்தமாக விழுந்தால் மணியும் பிஸ்டனும் அழுக்கு. ஜெற் இறங்கி நிற்கும்போது மட்டும் நல்ல சத்தம், மேலே நிற்கும்போது மந்தம் என்றால் ஊசி ஜெற்றின் ஒரு பக்கத்தில் முட்டுகிறது.

அழுக்குக்கு: மணி உடம்பில் எந்தத் திசையில் இருந்தது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். பிஸ்டனை நேரே தூக்குங்கள், சாய்த்தால் ஊசி வளையும். பெற்றோலும் பழைய பனியன் துணியும் போதும். பிஸ்டனின் விளிம்பு மணியின் சுவரில் படுவதே இல்லை, நூலளவு இடைவெளி விட்டுத்தான் ஓடும். அங்கே ஒயில் பூசினால் புழுதிதான் ஒட்டும். நடுத்தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு.

ஊசி முட்டினால் ஜெற்றை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் ஜெற்றைக் கழற்றி, ஜெற் நட்டையும் எடுத்து, ஸ்பிரிங்கை விலக்கிவிட்டு நட்டை முழுதாக மேலே ஏற்றி, ஜெற்றைத் திரும்பப் போடுங்கள். அதற்கு மேலே இருக்கும் பெரிய பூட்டு நட்டை, ஜெற் அசைகிற அளவுக்குத் தளர்த்துங்கள். மணியின் உச்சித் துளையால் ஒரு பென்சிலை விட்டுப் பிஸ்டனை அமத்துங்கள். ஊசி தானே ஜெற்றைத் தன் நடுவுக்கு இழுத்துவரும். அமத்தினபடியே பூட்டு நட்டை இறுக்கி, பிஸ்டனைத் தூக்கி விழுத்திச் சத்தம் கேளுங்கள். முதல் தரத்திலேயே வந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். எனக்கு வழக்கமாக நாலைந்து தரம் வேண்டும்.

"மெல்லப் போனா நல்லாப் போகுது, நாப்பதைத் தாண்ட இழுவை இல்லை"

ஊட்டம் போதவில்லை. காரை ஓரங்கட்டி உடனே ராங்கி மூடியைத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போய், பிறகு கார் கொஞ்சத் தூரம் நன்றாக ஓடினால், ராங்கியின் காற்றுவழி அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பம்பின் அடியில் இருக்கும் வலைப் பில்டர், பிறகு கிண்ணத்து ஊசி வல்வ். கிண்ணத்துக் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, சுவிச்சைப் போட்டால் பெற்றோல் விட்டு விட்டுப் பலமாகப் பாய வேண்டும். ஊறுகிற மாதிரி வந்தால் குறை பம்புப் பக்கம்.

மாரியில் இதே அறிகுறிக்குத் தண்ணீரும் காரணமாகும். கிண்ணத்தின் அடியில் இருப்பதை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் விட்டுப் பாருங்கள். பெற்றோலுக்கு அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். 2022 தட்டுப்பாட்டுக்குக் கானில் சேர்த்து வைத்த பெற்றோல் இன்னும் யாரிடமாவது இருந்தால், தயவு செய்து மைனருக்கு ஊற்றாதீர்கள்.

"கடைக்குப் போய் வர ஸ்ராட் வருதில்லை"

ஓடும்போது காற்றுப் பட்டுக் குளிர்ந்திருந்த காபரேற்றர், நிறுத்தினதும் கீழே இருக்கும் எக்சோஸ்ற்றின் சூட்டை வாங்கும். கால் மணித்தியாலத்துக்குள் அது இரண்டு விதமாகத் தொந்தரவு தரும், பம்பின் சத்தம் எது என்று சொல்லும். பம்ப் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் குழாயில் ஆவி அடைத்திருக்கிறது: பம்புக்கும் குழாய்க்கும் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பம்ப் அமைதியாக இருந்து பெற்றோல் மணம் வந்தால் கிண்ணத்துப் பெற்றோல் பொங்கி இன்லெற் மனிபோல்டுக்குள் போயிருக்கிறது: சோக்கைத் தொடாமல், அக்சிலேற்றரைத் தரையோடு மிதித்து வைத்தபடி ஸ்ராட்டரை அடியுங்கள். பிடித்ததும் காலை எடுங்கள். காபரேற்றருக்கும் எக்சோஸ்ற்றுக்கும் இடையில் தடுப்புத் தகடு போட்டால் இது பெரிதும் குறையும்.

கடைசியாக அந்த நட்

மேலே சொன்ன எல்லாம் சரி என்று கண்ட பிறகுதான் இது. நட்டை மேலே திருப்பி, ஜெற்றின் வாயை அது நிற்கும் பாலத்தோடு (பிஸ்டனுக்கு நேரே கீழே, காற்றுவழியின் தரையில் இருக்கும் மேடு) மட்டமாக்குங்கள். அங்கிருந்து பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். கார் ஸ்ராட் ஆகி ஓட இது போதும். ஒரு ஐந்து கிலோமீற்றர் ஓடி என்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள்.

காபரேற்றரின் பக்கத்தில், அடியால் மேலே தள்ளுகிற சின்னப் பின் ஒன்று இருக்கும். ஸ்லோவில் என்ஜின் ஓட, அதை மெல்லத் தள்ளிப் பிஸ்டனை நகக்கண் அளவு மட்டும், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைய, தூக்குங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட: நட்டை ஒரு முகம் மேலே. உடனே தடுமாறி நிற்கப் பார்த்தால் குறைவு: ஒரு முகம் கீழே. ஒரு கணம் இலேசாகக் கூடிப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஒவ்வொரு தரமும் ஒரு முகம்தான், திருப்பின பிறகு ஜெற்றை மேலே தள்ளி நட்டோடு முட்ட வையுங்கள். எயர் கிளீனரைப் பூட்டிவிட்டு இன்னொரு தரம் பாருங்கள். அது இல்லாமல் செய்த ரியூன் அது வந்ததும் மாறும்.

நட்டைத் திருப்ப அளவான ஸ்பனர் பாவியுங்கள். குறடு போட்டால் இதை வாங்கப்போகும் ஆளும் என்னைப்போல முகம் இல்லாத நட்டோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.